பதுங்குகுழிப் போரும் காமிக்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: முதல் உலகப் போர்ப் பதுங்குகுழிகளைப் பற்றி ஒரே ஒரு காமிக்ஸ் படிக்கணும்னா எது?

பதில்: பிரெஞ்சுக்காரர் ழாக் தார்தி 1993-ல் வெளியிட்ட 'அது பதுங்குகுழிப் போர்' என்ற கறுப்பு வெள்ளை காமிக்ஸ் ஆல்பம். அந்தப் போரில் சண்டையிட்டவர் அவருடைய தாத்தா. பாட்டி சொல்லிக் கேட்ட கதைகள்தான் விதை. இருட்டில் குப்புற விழுகிறார் தாத்தா. கை புதைந்த இடம் அழுகிய பிணத்தின் வயிறு. ஆல்பத்தில் நாயகன் என்று எவனும் கிடையாது. ஒருவனைப் பிடித்துப்போய்ப் பின்னாலேயே போனால், சில பக்கங்களில் செத்துக் கிடப்பான். பக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்றே கட்டங்கள், அகலவாக்கில். வானம் ஒரு கீற்று, மீதியெல்லாம் சேறு. படிக்கிறவனுக்கே தலை நிமிர்த்த இடமில்லை.

கேள்வி: சிதறிய உடல்களை வரைந்தாலே பயங்கரம் வந்துவிடாதா?

பதில்: நாலு பக்கத்தில் கண் பழகிவிடும். பேட் மில்ஸ் எழுதி ஜோ கோஹூன் வரைந்த பிரிட்டிஷ் தொடர் 'சார்லியின் போர்' (1979-ல் தொடங்கியது) பாருங்கள். வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்த 16 வயதுப் பையன். நண்பன் ஜிஞ்சர் மேல் ஷெல் விழுகிறது. மிச்சத்தை ஒரு சாக்கில் சேர்த்துக்கொண்டு நடக்கிறான். எனக்கு இன்றும் மறக்காதது அந்தச் சாக்குதான். இன்னொன்று, வீட்டுக்கு அவன் எழுதும் பிழை மலிந்த கடிதங்கள்: படத்தில் நரகம், பக்கத்திலேயே வெள்ளந்தியாக நாலு வரி.

கேள்வி: கறுப்பு வெள்ளைதான் பொருத்தமா?

பதில்: கட்டாயமில்லை. வரலாற்றாளர் ழான் பியர் வெர்னேயுடன் தார்தி செய்த பின்னாளைய ஆல்பத்தில் 1914-ன் பிரெஞ்சு வீரர்கள் சிவப்புக் கால்சட்டையில் பளிச்சென்று கிளம்புகிறார்கள். வருஷம் ஏற ஏற நிறம் வடிந்து சாம்பலாகிவிடுகிறது.

கேள்வி: காமிக்ஸ் கலைஞர் ஜோ சாக்கோ வரைந்த வசனமில்லாத சித்திரம் எப்படி?

பதில்: 2013-ல் வந்தது, மடித்து வைத்த 24 அடி நீளப் படம். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தளபதி ஹேக் தங்கிய மாளிகையில் தொடங்கிப் பிணங்களைப் புதைப்பதில் முடியும். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர்; காயமடைந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. அந்தக் கூட்டத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மேலிருந்து பார்க்கிறோம், தனி ஒருவனின் நடுக்கம் கைக்கு எட்டுவதில்லை. அதற்குத் தார்திதான்.

கேள்வி: பத்து வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சார்லியைக் கொடுங்கள், சிறுவர் வார இதழில் வந்ததுதான். தார்தியை அவன் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.