வாடகை, ஒத்தி, அடகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தாம்பரத்தில் 9,000 ரூபாய் வாடகை வீடு. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டத்தில் இடம் உண்டா?

பதில்: 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைதான் உச்சம். பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டபின் சட்டம் பேசிப் பயனில்லை. பேரத்தை முன்பே முடியுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்.

பதில்: துண்டிக்கக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். ஆனால் இரண்டு மாதப் பாக்கி, காலி செய்யச் சொல்லவும் போதுமான காரணம். நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்துக்குள் கட்டிவிடுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது. கையில் 6 லட்சம் இருக்கிறது. அதை ஒத்திக்குக் கொடுத்து (வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு) குடிபோனால் மூன்று ஆண்டு வாடகை மிச்சம் என்கிறார் புரோக்கர். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருவார்களாம். மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸ் பார்த்தேன்.

பதில்: ஜெராக்ஸ்தானா! அசல் எங்கே என்று கேட்க ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை? அசல் வீட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் கடனுக்கு ஈடாக வங்கியில் இருக்கும். உரிமையாளர் தவணை தவறினால் ஏலத்துக்கு வருவது நீங்கள் குடியிருக்கும் வீடுதான். உங்கள் 6 லட்சத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. கமிஷன் வாங்கிய புரோக்கர் போனை எடுக்கமாட்டார். நூறு ரூபாய் ஒத்தியானாலும் பதிவு செய்தால்தான் செல்லும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. பதிவுத் துறை இணையதளத்தில் முப்பது ஆண்டு வில்லங்கம் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. சொத்து வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி பங்கு உண்டா என்றும் விசாரியுங்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும், வேலை இல்லாதவர் கையிருப்பு முழுவதையும் ஒத்தியில் முடக்குவதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் ஒன்றரை ஆண்டு வாடகையும் சாப்பாடும் ஓடும். ஒத்தியில் போட்டுவிட்டு மளிகைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

கேள்வி: குடிசையில் இருக்கிறோம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் சேர்க்க ஒருவர் 15,000 கேட்கிறார்.

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மூன்றரை லட்சம் தரும் திட்டம் அது. இடத்துக்குப் பட்டா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: நகையை விற்பதா, அடகு வைப்பதா?

பதில்: ஆறு மாதத்தில் மீட்க முடியுமென்றால் அடகு; கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் கேளுங்கள். முடியாதென்றால் விற்றுவிடுங்கள். வட்டியும் கட்டி, நகையும் மூழ்க வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்கு 50,000 கடன் வாங்கினேன். வட்டி அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: எத்தனை வட்டி, யாரிடம் வாங்கினீர்கள், எழுத்து உண்டா? ஒன்றையும் சொல்லாமல் பதில் கேட்டால் எப்படி? பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் 2003 முதல் தமிழ்நாட்டில் குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்கச் சான்று வேண்டும். இதுவரை ரொக்கமாகக் கட்டியிருந்தால் அடுத்த தவணையிலிருந்து வங்கி வழியாகக் கட்டுங்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.