ஹேவ்லாக்கில் முதல் டைவ்: நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லை, காது அடைத்தால்?

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு அந்தமான் செல்கிறோம். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவ் செய்ய ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. விமானம் தரையிறங்கும்போதெல்லாம் காது அடைத்து வலிக்கும். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் பிற்பகலில் டைவ், மறுநாள் காலை 7 மணிக்கு விமானம். சரிவருமா? (திருச்சி வாசகி)

பதில்: நீச்சல் தெரியாதது தடையே இல்லை. முதன்முறை இறங்குபவர்களைப் பெரும்பாலும் நீமோ ரீஃபுக்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். அலை அடங்கிய, ஆழம் குறைந்த இடம். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். அறிமுக டைவின் உச்ச வரம்பே 12 மீட்டர்தான். உங்களுக்கென்று தனியாக ஒரு பயிற்றுநர் வருவாரா என்பதை மட்டும் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

என் கவலையெல்லாம் உங்கள் காதைப் பற்றித்தான். ஆழம் குறைவு என்றால் காதுக்குச் சிரமமும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகி, நடுக்காதில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குக் கீழே இன்னும் 10 மீட்டர் போனாலும் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே செவிப்பறை அதிகம் திணறுவது முதல் சில மீட்டர்களில்தான். விமானம் இறங்கும்போது உங்களுக்கு வலிப்பதும் இதே காரணத்தால்தான்: மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் குழாய் உரிய நேரத்தில் திறப்பதில்லை.

எனவே கிளம்பும் முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை ஒருமுறை பாருங்கள். இதைத் தவிர்க்கவே வேண்டாம். அவர் சம்மதித்தால், வீட்டிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மிக மென்மையாக மூக்கு வழியே ஊதிப் பழகுங்கள். இரு காதிலும் 'டப்' என்று ஒரு சிறு ஒலி கேட்க வேண்டும். தண்ணீரில் தலை மூழ்கியதுமே இதைத் தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்துகொண்டே இறங்குங்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் குழாய் இறுகிக்கொள்ளும். பிறகு ஊதினாலும் திறக்காது. வலித்தால் காதைக் காட்டிச் சைகை செய்யுங்கள். பயிற்றுநர் ஒரு மீட்டர் மேலே கூட்டிவந்து மறுபடி முயலச் செய்வார். அப்போதும் திறக்கவில்லையென்றால் டைவை அத்துடன் முடித்துவிடுங்கள். முக்கி ஊதினால் உட்காது சேதமாகிக் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம்.

சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நீருக்கடியில் மருந்தின் வேகம் தணிந்துவிட்டால், மேலேறும்போது காற்று வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும்.

காதுக்கு அடுத்தது மூச்சு. எந்த நிலையிலும் அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். பயத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்வதுதான் இந்த அமைதியான கடலில் உண்மையான ஆபத்து.

உங்கள் பயணத் திட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். டைவின்போது உடலில் கரையும் நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் அது குமிழ்களாகப் பிரியக்கூடும். டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விடச் சொல்வேன். ஒரு முழு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பிற்பகல் 2 மணிக்குக் கரையேறினால் மறுநாள் காலை 7 மணிக்கு 17 மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே டைவை வைத்துக்கொள்ளுங்கள். அன்று காது ஒத்துழைக்காவிட்டாலும், ஓய்வெடுத்துவிட்டு இன்னொரு நாள் முயல இடம் இருக்கும்.

இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை என எதையும் மறைக்காதீர்கள். 'ஆம்' என்று குறிக்க வேண்டியது ஒன்று இருந்தாலும் மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள். அதைத் திருச்சியிலேயே வாங்கிச் சென்றுவிடுங்கள்.