ஐந்து ஞாயிறும் ஒரு வரத்துக்காலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் சுமார் 120 வீடுகள். சாவு வீட்டில்கூட மாலையைப் போட்ட கையோடு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். முன்பு வருடா வருடம் ஊரே கூடி, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரும். இப்போது அதில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மனிதர்களிடம் அந்தப் பழைய ஈரம் திரும்ப, இளைஞர்கள் சேர்ந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாம் என்றிருக்கிறோம். உங்கள் யோசனை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டம் வேண்டாம். வரத்துக்காலைத் தூர்வாருங்கள்.

அன்று ஊர் கூடியதற்கு எல்லோரும் நல்லவர்களாக இருந்தது காரணமில்லை. ஊரே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு ஒரு முறை இருந்தது. நிலத்துக்குத் தக்கபடி ஆள் அனுப்ப வேண்டும், அனுப்பாதவர் கூலியைக் கட்ட வேண்டும். வருடத்தில் சில நாள் ஒரே மண்ணை அள்ளியவர்களால் பக்கத்து வீட்டுச் சாவில் மாலையோடு கிளம்ப முடிந்ததில்லை. முறை போனது, பழக்கமும் போனது.

ஆனால் பழையதை அப்படியே கொண்டுவராதீர்கள். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் நிலமற்ற தலித்துகள். களத்தில் அளந்துபோட்ட நெல்தான் அவர்களுக்குக் கூலி. 1858-இல் ஆங்கிலேயர் ஏரி, கால்வாய்களைப் பராமரிக்கும் உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டார்கள். ஆகவே நிலமில்லாதவரிடம் இலவசமாக உழைப்பைக் கேட்காதீர்கள். தண்ணீர் பாயப்போவது இன்னொருவர் வயலுக்கு. அவர்களுக்கு அன்றன்றைய கூலி, ஏரிச் சங்கத்தில் ஓட்டு, ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலம் ஊர்ப்பொதுவில் நடந்தால் அதில் ஒரு பங்கு. மூன்றையும் முதல் நாளே எழுதி வையுங்கள். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே தொடங்கிய திட்டமும் செலவில் 10 சதவீதப் பங்கை ஆயக்கட்டுதாரர்களிடம், அதாவது ஏரிப் பாசன நிலம் உள்ளவர்களிடம்தான் கேட்டது.

இனி கணக்கு. ஒரு கிலோமீட்டர் கால், அடிப்பகுதியின் அகலம் ஒன்றரை மீட்டர், படிந்த மண் 30 சென்டிமீட்டர் என்றால் 450 கன மீட்டர். மண்வெட்டியோடு ஒருவர் ஒரு நாளில் வெட்டிக் கரையேற்றுவது ஏறக்குறைய 2 கன மீட்டர். ஆக 225 ஆள்நாள். ஆயக்கட்டில் 45 குடும்பங்கள் இருந்தால் சராசரியாக வீட்டுக்கு ஒருவர், ஐந்து ஞாயிறு. நிலம் கூடுதலாக உள்ளவர் கூடுதலாக ஆள் அனுப்பட்டும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும். அதோடு அதை அனுப்பிவிடுங்கள். மொத்த வேலையையும் அது சில நாளில் முடித்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். உங்களுக்குத் தேவை அந்த ஐந்து ஞாயிறுகள்.

மதியச் சோறு கரையிலேயே, ஒரே பந்தியில். சமையல் முறைப் பட்டியலில் ஆண்கள் பெயரும் இருக்கட்டும்.

மூன்றாவது ஞாயிறு கூட்டம் பாதியாகும். முதலில் நின்றுபோகிறவர்கள், ஏரிக்கு அருகே வயல் உள்ள தலைமடைக்காரர்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிப் பயனில்லை. ஏரி அரைகுறையாக நிரம்பினாலும் அவர்கள் வயல் நனைந்துவிடும், காய்வது கடைசியில் இருக்கும் கடைமடை. அதனால் மண்வெட்டியைத் தொடும் முன்பே தண்ணீர் முறையைப் பேசி முடியுங்கள். ஏரி பாதிக்குக் கீழே இருக்கும் வருடம் எத்தனை ஏக்கர் நடுவது, யாருக்கு எத்தனை மணி நேரம், பங்கு தராத வயலுக்கு எப்போது முறை என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் உலர்வலயக் குளங்களில் 'பெத்ம' என்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் எல்லாப் பங்காளிகளும் தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டு பயிரிடுவார்கள், நிலம் யாருடையதாக இருந்தாலும். கருணையை இவ்வளவு துல்லியமாக அளந்து பங்கிட முடியும் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

வந்த ஆள், வந்த பணம், செலவு மூன்றையும் டீக்கடைப் பலகையில் அன்று மாலையே எழுதுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலே சந்தேகம் முளைத்துவிடும்.

ஆக்கிரமிப்பை முதல் நாளே தொட்டால் சண்டையோடு எல்லாம் நின்றுவிடும். தகராறு இல்லாத பகுதியை முதலில் வெட்டுங்கள். நில அளவை வரைபடமான புலப்படத்தை வைத்துச் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகு மற்றதைப் பேசலாம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையிடமும், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திலும் அனுமதி கேளுங்கள். ஏரிக்குள் வண்டல் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். எடுக்கும்போது கரையடியை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை பலமிழக்கும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் மாடு குடிக்கவும் கிணறு ஊறவும் உதவும், மடை வழியாக வயலுக்குப் போகாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆவணிக்குள் வேலை முடிய வேண்டும். அதற்கு முன் ஒரு நாள், நான்கு பேர் காலின் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து பாருங்கள். நால்வரில் ஒருவர் தலைமடைக்காரராகவும் ஒருவர் கடைமடைக்காரராகவும் இருக்கட்டும்.