அரை நாள் போதும்: அண்ணாச்சி பதில்கள்

(அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். அஞ்சல் துறையில் ஆய்வாளராக இருந்து, நெல்லைச் சீமையின் கிராமத்துத் தபாலாபீஸ்களுக்கெல்லாம் பைக்கில் அலைந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊர்ப் பயணங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அலுவலக வேலையாக அடிக்கடி திருநெல்வேலி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சும்மாதான் இருக்கிறேன். கார் கிடையாது. எங்கே போகலாம் அண்ணாச்சி?
– வங்கி ஊழியர், சென்னை

கார் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறுங்கள். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மலை அந்தப் பக்கம்தான். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வண்டி நின்று நின்று போகும். அந்த நிற்றலுக்காகத்தான் இந்த வண்டியைச் சொல்கிறேன். சேரன்மகாதேவியில் பூக்கூடை ஏறும், வீரவநல்லூரில் ஒரு பாட்டி கீரைக்கட்டோடு ஏறி உங்கள் காலை ஒதுக்கச் சொல்வார். காருகுறிச்சி போர்டைப் பார்த்ததும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் அருணாசலத்தை நினைத்துக்கொள்வார்கள். மண்பானைக்கும் பேர்போன ஊர் அது.

மார்கழி, தை மாதமென்றால் பிசான நெற்பயிர் பச்சையாக நிற்கும். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வயலுக்குப் பின்னால் வாழை, அதற்குப் பின்னால் மலை. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் தாமிரபரணிப் பாலம் வரும். வண்டி அதில் மெதுவாகப் போனால் துவைக்கிறவர்களையும் குளிக்கிறவர்களையும் எண்ணிவிடலாம்.

கல்லிடையில் இறங்குவது என் சிபாரிசு. ஆதிவராகப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, நீள நீளமான தெருக்களில் நடங்கள். அப்பளம் போடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. உளுந்து மாவு உருண்டையைக் கையிலெடுத்து, குழவியை நாலு தடவை உருட்டுவதற்குள் வட்டம் விழுந்துவிடுகிறது. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நின்று பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், போனைத் தூக்கிப் படம் பிடித்தால்தான் முகம் சுருங்கும். வாங்குகிறதாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். மதிய வண்டியில் திரும்பிவிடலாம்.

நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் போய்க் கீழக்கடையத்தில் இறங்குங்கள். கடையம் என்று போர்டு தேடாதீர்கள், ஸ்டேஷன் பெயரே கீழக்கடையம்தான். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதியார், மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில்தான் ஏறத்தாழ இரண்டு வருஷம் இருந்தார். ராமநதி, ஜம்புநதி இரண்டும் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன.

கேள்வி: திருநெல்வேலி அல்வா எந்தக் கடையில் வாங்கலாம்? எல்லாக் கடையும் ‘ஒரிஜினல்’ என்று எழுதிவைத்திருக்கிறார்களே?
– இல்லத்தரசி, ஈரோடு

எழுதிவைக்காத கடையில் வாங்குங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையை எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம்தான் திறக்கும், வரிசையில் நிற்க வேண்டும். மற்ற கடைகளிலும் நல்ல அல்வா உண்டு. எங்கே வாங்கினாலும் ஐம்பது கிராம் சூடாக இலையில் வாங்கி, கடை வாசலில் நின்றே தின்றுவிடுங்கள். டப்பாவில் அடைத்து ஈரோடு வரை கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் அது வேறு பதார்த்தம். தாமிரபரணித் தண்ணீரால்தான் ருசி என்பார்கள். நான் நெய்யையும், கை ஓயாமல் கிண்டுகிற ஆளையும்தான் சொல்வேன்.

கேள்வி: பத்தமடைப் பாய் உண்மையிலேயே இன்னும் கையால்தான் நெய்கிறார்களா? ஆன்லைனில் பத்தமடை என்று போட்டு பிளாஸ்டிக் பாயை அனுப்பிவிட்டார்கள். நேரில் போனால் பார்க்க முடியுமா?
– ஆசிரியை, விருதுநகர்

முடியும். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற பஸ் சேரன்மகாதேவிக்கு முன்னால் பத்தமடையில் நிற்கும். இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள், அதிலும் பெண்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை நேரம். காலை பத்து மணி சுமாருக்குப் போனால் வீட்டு வேலை முடித்துத் தறிக்கு வந்திருப்பார்கள்.

ஆற்றங்கரையில் விளைகிற கோரைதான் கச்சாப் பொருள். சாதாரணப் பாய்க்குக் கோரையை இரண்டு மூன்றாகக் கிழித்தால் போதும். பட்டுப்பாய்க்கு அப்படி இல்லை. காய்ந்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அது உப்பி வந்த பிறகு நூல் மாதிரி கிழிக்க வேண்டும். கிழித்ததைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நம்புவீர்கள், தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பழைய நாளில் சிவப்புக்குச் சப்பங்கட்டைச் சாயம் போட்டார்கள்.

தறி தரையோடு தரையாக இருக்கும். பாவு, அதாவது நீளவாக்கில் கட்டுகிற இழை, பருத்தி நூல் அல்லது பட்டு. ஒவ்வொரு கோரையாக நீளக் குச்சியில் மாட்டி உள்ளே தள்ளி, அச்சை இழுத்து ஒரு நெருக்கு. மறுபடி ஒரு கோரை, மறுபடி ஒரு நெருக்கு. பாவு எண்ணிக்கைதான் தரம். சாதாரணப் பாயில் ஐம்பதுக்குள் நிற்கும், உயர்ந்த ரகத்தில் நூறைத் தாண்டும். அந்த மாதிரிப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். விலையைக் கேட்டதும் முகம் மாறாமல் இருங்கள், பேரம் பேசுகிற இடம் அது இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் பாயைச் சுருட்டிச் சாக்கில் தைத்துப் பார்சல் போட வருவார்கள். மாப்பிள்ளை, பெண் பெயர் நெய்த கல்யாணப் பாய்தான் அதில் அதிகம். பெயரில் ஒரு எழுத்து பிசகியிருந்தால் பிரித்து நெய்ய முடியாதென்பதால், ஆர்டர் எழுதும்போதே மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொல்வார்கள்.

1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் பாயைக் கண்டுபிடிக்க ஒரே வழி முகர்ந்து பார்ப்பதுதான். கோரைக்குக் காய்ந்த புல் வாசம் உண்டு. ஆன்லைனில் முகர முடியாதே, அதனால் பஸ் ஏறுங்கள் டீச்சர்.

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு கூந்தன்குளம் போனோம். ஒரு பறவைகூட இல்லை. சரணாலயம் என்ற போர்டு மட்டும் இருந்தது. இதற்கா 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பறவைகளுக்கு நம் பள்ளிக்கூட லீவு தெரியாது ஐயா. கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வர வேண்டும், வடகிழக்கு மழையும் பெய்ய வேண்டும். குளம் நிறைந்த பிறகுதான் வருகிறார்கள். தை, மாசி, பங்குனியில் போய்ப் பாருங்கள். செங்கால் நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் என்று ஒரே இரைச்சல். வரித்தலை வாத்து மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

அங்கே குளத்தைவிட ஊரைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேப்பமரத்திலும் கூடு இருக்கும். கீழே துணி காயப்போட முடியாது, கவிச்சி வாடை மூக்கைத் துளைக்கும், விடிகாலையிலேயே சத்தம். யாரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் மழை வரும், விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்புகிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்கிற கணக்கும் இருக்கிறது. தீபாவளிக்கு வெடி வெடிக்கமாட்டார்கள். கூட்டிலிருந்து விழுகிற குஞ்சைக் கூண்டில் வைத்து மீன் கொடுத்து வளர்த்து விடுகிறார்கள். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள்.

போகும்போது பளிச்சென்று சட்டை போடாதீர்கள், கார் ஹாரன் வேண்டாம், பிஸ்கட் போடவே கூடாது.

கேள்வி: குற்றாலம் சீசனுக்குப் போனோம், அருவியில் குளிக்கத் தடை என்று போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களை இப்படியா நடத்துவது?
– வாசகர், திருப்பூர்

அப்படித்தான் நடத்த வேண்டும். மெயினருவியில் ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடை போடுவது பழைய வழக்கம். அருவி நம் கண்ணுக்குச் சாதுவாக இருக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் போய்விட்டான். போலீஸ்காரர் விசிலை நான் திட்டமாட்டேன்.

எனக்குக் குற்றாலம் என்றால் சாரல்தான். அருவி அடைத்திருந்தாலும் சாரலை யாரும் அடைக்க முடியாது. தென்காசிக்கு வந்து காசி விசுவநாதர் கோயில் வாசலில் நில்லுங்கள். கோபுரத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு காற்று அடிக்கும், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். இதில் பிற்காலத்தில் ஒரு குறை வந்து அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்று ராஜா பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து ரொம்ப காலம் மொட்டையாக நின்று, 1990இல்தான் புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆனது. ராஜா யாரைக் கும்பிட்டாரோ அவர்களில் பலர் வரி கட்டுகிற சாதாரண ஜனங்கள்.

அப்புறம் செங்கோட்டைப் பக்கம் போனால் பார்டர் பரோட்டா. அதற்குத் தடை எதுவும் கிடையாது.

கேள்வி: திருச்செந்தூருக்கு ரயிலில் போகிறோம். கோயில் தவிர வேறென்ன பார்க்கலாம்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ரயிலே நல்ல பயணம் தாயி. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், காயல்பட்டினம் எல்லாம் வரும். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைக்குச் சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நேரத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றால் இறங்கி ஒரு டீ குடியுங்கள்.

திருச்செந்தூரிலிருந்து ஆட்டோ பேசித் தேரிக்காட்டுக்குப் போகலாம். கண்ணுக்கெட்டின தூரம் செக்கச்செவேல் மணல், நடுவில் பனை. மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் இவை. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் அந்தச் செம்மண்ணை ஜனங்கள் முந்தியில் முடிந்து எடுத்துப் போவார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தேரியில் செருப்பில்லாமல் கால் வைக்காதே.

பங்குனி, சித்திரையில் போனால் காலையிலேயே பதநீர் கிடைக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால் அது கள்ளாகாமல் இனிப்பாக நிற்கிறது. ஓலைப் பட்டையில் ஊற்றி நுங்கு போட்டுத் தருவார்கள். பிளாஸ்டிக் தம்ளர் நீட்டினால் வேண்டாமென்று சொல்லு, ருசி பாதி பட்டையில்தான். உடன்குடிக் கருப்பட்டி வாங்கினால் சிரட்டை வடிவம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதே. ரொம்ப மலிவாகக் கொடுத்தால் சீனி சேர்ந்திருக்கும்.

கேள்வி: திருநெல்வேலி ஹோட்டல்களில் சொதி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். எங்கேதான் கிடைக்கும்?
– வாசகர், சேலம்

சொதி என்பது தேங்காய்ப்பால் குழம்பு. சில ஹோட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை போடுகிறார்கள். தேங்காய்ப்பால் தண்ணீராக இருக்கும், திட்டிவிட்டு வருவீர்கள். சொதி மறுவீட்டுச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் முதல்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என்று பிரித்துப் பிழிந்து, காய்கறியை மூன்றாம்பாலில் வேகவைத்து, முதல்பாலை இறக்குகிற நேரத்தில் விடுவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். இஞ்சி இல்லாமல் சொதி சாப்பிட்டால் ராத்திரி வயிறு கேள்வி கேட்கும். திருநெல்வேலிக்காரர் யாராவது உங்கள் அலுவலகத்தில் இருப்பார், அவர் வீட்டில் கல்யாணம் எப்போது என்று விசாரித்து வையுங்கள். மொய் எழுதிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடாதீர்கள்.