இலக்கும் வேட்டையும் ஒரே ரைபிளில்: எந்தக் காலிபர் எடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

(இந்தப் பக்கத்தில் 'காலிபர்' என்றால் ரைபிள் எந்த அளவுத் தோட்டாவுக்குச் செய்தது என்பது. 'தோட்டா' என்றால் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா. 'குண்டு' என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். இரண்டும் குழம்பினால் பதிலும் குழம்பிவிடும்.)

கே: முதல் முறையாகப் பெரிய ரைபிள் வாங்கப் போகிறேன். மாதம் 60, 70 தோட்டா காகித இலக்கில் சுடுவேன். உரிமம் பெற்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மான் வேட்டைக்குப் போவேன். பயிற்சிக் களத்தில் அதிகபட்ச தூரம் 300 மீட்டர். .223, .243, 6.5 க்ரீட்மூர், .308, .300 வின்செஸ்டர் மேக்னம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்?

ப: உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 800 தோட்டா. அதில் வேட்டையில் செலவாகப் போவது மூன்றோ நான்கோ. மற்ற அத்தனையும் காகிதத்துக்கு. அதனால் காகிதத்தில் சலிக்காமல், தோள் வலிக்காமல், கை கடிக்காமல் சுடக்கூடியது எது என்று முதலில் பாருங்கள். மானுக்குப் போதுமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, தேவைக்கு மிஞ்சிய சக்தியை வாங்கிவிட்டு, பிறகு சுடுவதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வரிசையில் .300 மேக்னத்தை முதலில் தள்ளிவிடுங்கள். ஒரு தோட்டாவில் நான்கரை கிராம் அளவுக்கு மருந்து எரிகிறது; .308இல் மூன்று கிராம்கூட இல்லை. மூன்றரை கிலோ சொச்சம் எடையுள்ள ரைபிளில் மேக்னத்தின் உதை சுமார் 35 ஜூல் வரும். .308க்கு 23, 6.5 க்ரீட்மூருக்கு 16 அல்லது 17, .243க்கு 12, .223க்கு 5 ஜூல். 35 ஜூல் உதையை ஒரே காலையில் நாற்பது தடவை வாங்கிக்கொண்டு ட்ரிகரை நிதானமாக அழுத்துகிறவர்கள் மிகக் குறைவு. போதாததற்கு, குழலின் தொண்டைப் பகுதி, அதாவது குண்டைச் சுழல வைக்கும் திருகு வெட்டான புரி தொடங்கும் இடம், 1,500 தோட்டாவை ஒட்டித் துல்லியத்தை இழக்க ஆரம்பித்துவிடும். உங்கள் கணக்கில் அது இரண்டு வருடம்கூட வராது.

.223 காகிதத்துக்குத் தங்கம்: உதை இல்லை, தோட்டா மலிவு, 300 மீட்டர் தாராளமாக எட்டும். ஆனால் மூன்றரை கிராம் குண்டை நம்பி மானைச் சுடுவது சரியில்லை. பல நாடுகளின் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் உங்கள் உரிமத்தில் எந்தக் காலிபர் எழுதலாம், வேட்டைக்குக் குறைந்தபட்சம் எது என்பதைப் படித்துவிடுங்கள். சட்டம் ஒன்றை மறுத்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை.

மிஞ்சுவது மூன்று. .243 மென்மையானது. அதன் 6.5 கிராம் வேட்டைக் குண்டு சிறிய, நடுத்தர மானுக்குப் போதும். ஆனால் சிறிய துளை வழியாக நிறைய மருந்தை எரிப்பதால் குழல் சீக்கிரம் தேயும். .308இன் பலம் ஆயுள்: 5,000 தோட்டாவுக்கு மேலும் நல்ல துல்லியம் தரும் குழல்கள் சாதாரணம். 1952இல் வந்ததிலிருந்து உலகம் முழுக்கப் புழங்குவதால் தோட்டா கிடைக்கவில்லை என்ற பேச்சு அபூர்வம். 6.5 க்ரீட்மூர் 2007இல் வந்தது. உதை குறைவு, காற்றில் விலகலும் குறைவு. குழல் 2,000 முதல் 3,000 தோட்டா வரை உச்சத் துல்லியம் தரும்; அதன் பிறகும் வேட்டைக்கு வெகுகாலம் ஓடும்.

எங்கள் ஓட்டு 6.5 க்ரீட்மூருக்கு. நீங்கள் வாங்கும் கடையில் 6.5 எப்போதாவதுதான் வரும், .308 எப்போதும் அடுக்கி இருக்கும் என்றால் தயங்காமல் .308 எடுங்கள். தோட்டா இல்லாமல் மூலையில் நிற்கும் ரைபிளில் யாரும் சுடக் கற்றுக்கொண்டதில்லை.

கே: 6.5 க்ரீட்மூர் '.308ஐவிடத் துல்லியம்' என்கிறார்களே, உண்மையா?

ப: நல்ல குழல், நல்ல தோட்டா இருந்தால் 100 மீட்டரில் இரண்டும் ஒரே அளவு குறுகலான கூட்டத்தைத்தான் (அடுத்தடுத்து விழும் ஓட்டைகளின் தொகுப்பை) போடும். வித்தியாசம் காற்றில் தெரியும். 6.5இன் 140 கிரெயின் (குண்டின் எடை அளவு; ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) இலக்குக் குண்டு நீண்டு ஒல்லியாக இருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போய் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. .308இன் 168 கிரெயின் குண்டு அதைவிடக் கட்டை. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால், 500 கஜத்தில் .308 குண்டு ஏறத்தாழ 55 செ.மீ. விலகும், 6.5 குண்டு 35 செ.மீ. அளவில் நிற்கும். அதே காற்றில் 200 கஜத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று செ.மீ.தான். உங்கள் களம் 200 மீட்டரோடு முடிகிறது என்றால் இந்தக் காரணத்துக்காக மட்டும் .308ஐ விட்டு மாற வேண்டாம்.

கே: என்னுடைய .223 ரைபிளில் 55 கிரெயின் குண்டு அழகாகக் கூடி விழுகிறது. 77 கிரெயின் போட்டதும் காகிதத்தில் நீளவாக்கில் ஓட்டை விழுகிறது. சில குண்டு காகிதத்திலேயே படவில்லை. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

ப: ஸ்கோப்பைத் தொடாதீர்கள். அந்த ஓட்டையை அருகில் வைத்துப் பாருங்கள்: வட்டமாக இல்லாமல், பழைய பூட்டின் சாவித்துவாரம் போல ஒரு பக்கம் இழுபட்டு, குண்டின் பக்கவாட்டு உருவமே காகிதத்தில் பதிந்திருக்கும். குண்டு மூக்கை முன்னே வைத்துப் போகவில்லை, தள்ளாடிக் குறுக்கே போயிருக்கிறது. சுழற்சி போதவில்லை.

குழலுக்குள் வெட்டியிருக்கும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத்தான் 'ட்விஸ்ட்' என்கிறோம். .223இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 9 அங்குலம் 69 கிரெயின் வரை தாங்கும். 77 கிரெயினுக்கு 8 அல்லது 7 வேண்டும். உங்கள் குழல் எது என்று தெரியாவிட்டால் நீங்களே அளக்கலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே செலுத்துங்கள். கம்பியில் ஓர் அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அளந்தால் அதுதான் விடை.

இன்னொன்று. சுழற்சியின் தேவையை முடிவு செய்வது எடையைவிட நீளம்தான். செம்பு ஈயத்தைவிட லேசானது; அதனால் ஒரே எடையில் முழுச் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும், வேகமான புரி, அதாவது குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று வரும் புரி கேட்கும். .243 வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். 10 அங்குலப் புரி 100 கிரெயின் வேட்டைக் குண்டுக்குச் சரியாக இருக்கும்; 105 கிரெயின் நீள இலக்குக் குண்டுக்குப் பெரும்பாலும் போதாது, 8 வேண்டும்.

கே: இலக்குக்கு வாங்கிய தோட்டாவையே வேட்டைக்கும் எடுத்துப் போகலாமா? துல்லியம் நன்றாகத்தானே இருக்கிறது?

ப: வேண்டாம். இலக்குக் குண்டின் மூக்கில் ஊசிமுனை அளவு ஓட்டை இருப்பதைப் பார்த்து 'இது விரியும்' என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஓட்டை உறையை உருவாக்கும் முறையால் வருவது, விரிவதற்கு வைத்தது அல்ல. விலங்கின் உடலில் அது சில சமயம் விரியாமலே ஊடுருவிப் போகும், சில சமயம் மேலேயே நொறுங்கிவிடும். இரண்டிலும் காயம்பட்ட மிருகம் ஓடிப் போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. மென்முனை ஈயம், உறையோடு பிணைத்த ஈயம், முழுச் செம்பு ஆகிய வேட்டைக் குண்டுகளில் ஒன்றையே எடுங்கள். ஈயக் குண்டுகள் பலவும் விரிய நொடிக்கு 550 மீட்டர் வேகமாவது வேண்டும், செம்புக்கு 600 மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் வேக அட்டவணையில் அந்த எண் எந்தத் தூரத்தில் வருகிறதோ, அதுதான் உங்கள் வேட்டையின் எல்லை.

குண்டு மாறினால் படும் இடமும் மாறும். ரைபிளை வேட்டைத் தோட்டாவில் சீரோ செய்யுங்கள், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். பிறகு அதே நாளில் இலக்குத் தோட்டா ஐந்து சுட்டு, எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. மேலே விழுந்தால், ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் (கால் எம்ஓஏ, அதாவது கால் கோண நிமிடம்) 100 மீட்டரில் 7 மி.மீ. நகரும் என்ற கணக்கில், நான்கு கிளிக் கீழே. இதை ஒரு சீட்டில் எழுதி ரைபிள் பையிலேயே வையுங்கள். வேட்டைக்கு முன் கிளிக்கைத் திருப்பி வைக்க மறப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் வேட்டைக்குப் போகும் முன் ஒரு தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள்.

அந்த முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்து போவதும் முக்கியம். மூன்று வெவ்வேறு நாள், ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் ஒரே காகிதத்தில் சுடுங்கள். அந்த மூன்று ஓட்டைதான் உங்கள் வேட்டைத் துல்லியம். சூடான குழலில் நீங்கள் போட்ட அழகான ஐந்து குண்டுக் கூட்டத்தை மான் பார்க்கப் போவதில்லை. எண்ணெய் தடவிய குழலாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே சுடுங்கள்; எண்ணெய்ப் படலம் முதல் குண்டை விலக்கிவிடும்.

கே: குழலில் '.223 ரெம்' என்று பொறித்திருக்கிறது. 5.56 தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

ப: வெளி அளவு ஏறக்குறைய ஒன்று, உள்ளே ஒன்றல்ல. 5.56 அறையில் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதியில்) புரி தொடங்கும் முன் இடைவெளி அதிகம். .223 அறையில் அது குறைவு என்பதால், 5.56 தோட்டா அங்கே அழுத்தத்தைக் கூட்டிவிடும். போல்ட் தூக்கக் கனமாக வருவது, பிரைமர் தட்டையாகிப் போவது, கூட்டின் அடியில் பளபளவென வட்டத் தழும்பு விழுவது எல்லாம் அதன் அறிகுறிகள். பொறித்திருப்பதையே போடுங்கள்.

இதைவிடப் பயங்கரமானது .300 பிளாக்அவுட். .223 கூட்டைக் குட்டையாக்கிச் செய்தது என்பதால் அது .223 அறைக்குள் நுழைந்து போல்ட்டும் மூடிவிடக்கூடும். 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலுக்குள் போக வழி ஏது? துப்பாக்கி வெடித்துச் சிதறும். இரண்டு ரைபிளும் வைத்திருப்பவர்கள் தோட்டாக்களை ஒரே மேசைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

கே: .308இல் பத்து குண்டுக்கு மேல் சுட்டால் கூட்டம் சிதறுகிறது. குழல் சூடாவதாலா?

ப: மெல்லிய வேட்டைக் குழலில் சூடும் ஒரு காரணம். நிதானமாகச் சுட்டால் அது தீரும். தீரவில்லை என்றால் உங்கள் தோளைச் சந்தேகப்படுங்கள். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா இரண்டு வாங்கி, நிஜத் தோட்டா மூன்றோடு கலந்து, வேறொருவரை மேகசினில் அடுக்கச் சொல்லுங்கள். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். போலித் தோட்டா வரும்போது, ட்ரிகர் விடுபடும் கணத்தில் குழல் முனை கீழே குத்தினால், உதைக்கு முன்பே உடம்பு பயந்து தள்ளுகிறது என்று அர்த்தம்.

இதற்கு வைத்தியம் உதை மிகக் குறைந்த .22 எல்ஆர் ரைபிள். ஒரு மாதம் .308ஐப் பூட்டி வைத்து 50 மீட்டரில் .22 சுடுங்கள். பிறகு .308க்கு வரும்போது ஒரு நாளைக்கு இருபது தோட்டாவோடு நிறுத்துங்கள். தோள் பட்டையில் நல்ல ரப்பர், காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மூடி. சத்தமும் பயத்தில் பாதி. .22க்கு 'அதிவேகம்' என்று போட்ட பெட்டி வேண்டாம். அந்தக் குண்டு 100 மீட்டருக்குள் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறி, காற்றில் கூடுதலாக விலகும். ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே புறப்படும் 40 கிரெயின் இலக்குத் தோட்டாதான் சீராகப் போகும். சின்னக் காலிபர் என்று பின்னால் மண்மேடு இல்லாமல் சுட்டுவிடாதீர்கள்; .22 குண்டு ஒன்றரை மைல் வரை போகும்.