சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போக உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

முதல் இரண்டு மாதம் இருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து தரமணிக்குப் போகிறேன், ஒரு வழிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டிய சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா சார்?" என்றார். வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்றதும், "டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார். இந்த ஊரில் நாற்பது வயதுக்காரன் சைக்கிள் மிதிப்பதற்கு இரண்டே காரணம்தான்: காசு இல்லை, அல்லது சர்க்கரை இருக்கிறது.

வியர்வையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். பையில் ஒரு சட்டை, ஒரு துண்டு. அவ்வளவுதான்.

சென்னை சமதளம் என்பார்கள். என்னுடையதைப் போல கியர் இல்லாத சைக்கிளில் அரங்கநாதன் சுரங்கப்பாதையில் ஏறிப் பாருங்கள், தெரியும். இறங்கும்போது இருக்கிற சுகம் ஏறும்போது வட்டியோடு போய்விடும், பின்னால் பேருந்து ஹாரன் வேறு. கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்று வாடைக்காக மூச்சை அடக்க வேண்டும், ஆனால் பாலமும் ஏற்றம், அடக்கவும் முடியாது! காந்தி மண்டபம் சாலை முடிந்து சர்தார் படேல் சாலையில் இடப்பக்கம் திரும்பியதும் நிலைமை மாறும். வலப்பக்கம் ஐஐடி வளாகத்து மரங்கள், அதையொட்டித்தான் கிண்டி தேசியப் பூங்கா. மே மாதத்தில்கூட அந்த இடத்தில் முழங்கையில் ஒரு குளிர்ச்சி படும். பைக்கில் பன்னிரண்டு வருடம் போனபோது இதைக் கவனித்ததே இல்லை.

இன்னொன்று, காற்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று, நான் தென்கிழக்கே போகிறேன். மாலையில் கடல்காற்று, நான் வடமேற்கே திரும்புகிறேன். போகும்போதும் முதுகில் தள்ளும், வரும்போதும் தள்ளும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இந்தச் சலுகை ரத்து. அப்போது சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றுவிடும், பேசாமல் பேருந்து பிடித்துவிடுவேன்.

சரி, கூச்சத்துக்கு வருகிறேன். ஒருநாள் வேலை விஷயமாக ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனேன். வாசலில் காவலர், "சைக்கிளுக்கு டோக்கன் இல்ல சார், வெளிய விட்டுருங்க" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவரிடம் இருந்தது கார் டோக்கன், பைக் டோக்கன் இரண்டும்தான். வெளியே விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். பக்கத்தில் இன்னொரு சைக்கிள் நின்றது, கேரியரில் டிபன் பாக்ஸ். "அது யாருது?" என்றேன். "என்னுதுதான்" என்றார். அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் அவர் சைக்கிளுக்கே இடம் இல்லை. என் கூச்சம் அன்றோடு போனது, அந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் அம்மா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அம்மாவும் அப்படித்தான், முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைப்பார். ஊர் கேலி பேசியது. குடத்தோடு தண்ணீர் சீக்கிரம் வீடு வர ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. அந்த ஊரில் சைக்கிள் கௌரவம், முப்பது வருடம் கழித்து இந்த ஊரில் அது நோய்க்கு மருந்து.

போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தார். நான் சைக்கிளில் ஆபீஸ் போவதை மனைவி கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். அம்மா எழுந்து வாசலுக்குப் போனார், பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்குடா. இப்புடி ஓட்டுனா மூச்சு வாங்காம என்ன செய்யும்?"