கேளுங்கள், சொல்கிறோம்: ராசாவுக்கு என்ன வருத்தம்?

கேள்வி: இணையத்தில் ஓடும் ஆங்கில ராணித் தொடர் ஒன்றை மூன்று இரவாய் விழித்திருந்து பார்த்தேன். இங்கிலாந்தின் இளம் ராசா மூன்றாம் ஜோர்ஜ், கலியாண நாளிலிருந்தே தன் மனநோயை மனைவி ஷார்லட்டிடம் மறைக்கிறார். ராணி அழ நானும் அழுதேன். உண்மையில் நடந்ததா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: அழுதது சரி, ஆனால் 27 வருடம் முந்தி அழுதுவிட்டீர்கள். 1761 செப்டம்பர் 8ஆம் திகதி ஜோர்ஜும் ஷார்லட்டும் முதன்முதலாக முகம் பார்த்து, அன்று இரவே கலியாணம் முடித்தது உண்மை. பிறகு 15 பிள்ளைகள். ராசா தோட்டம், பண்ணை, வானசாஸ்திரம் என்று ஒழுங்காகத்தான் இருந்தார். எல்லோரும் பயப்படும்படி வருத்தம் வெளியே வந்தது 1788இல், அவருக்கு 50 வயதான போதுதான். ஒரு தடவை 19 மணித்தியாலம் நிறுத்தாமல் கதைத்தாராம். ராணி பயந்துபோய் வேறு அறையில் படுக்கத் தொடங்கினார். பாதிரியாரும் வைத்தியருமான பிரான்சிஸ் வில்லிஸைக் கூட்டிவந்தார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் ராசா என்றும் பார்க்காமல் கைகளைக் கட்டிப்போடும் சட்டை, கதிரையில் கட்டி வைத்தல், இதுதான் வைத்தியம். காலில் மருந்து பூசிக் கொப்புளம் எழுப்பியதும் உண்டு, கெட்டது அதன் வழியாக வெளியே வருமாம். இந்தப் பகுதியைத் தொடர் எடுத்தவர்கள் மிகைப்படுத்தவே தேவையில்லை. மகனிடம் ஆட்சிப் பொறுப்பைக் கொடுக்க மசோதாவும் தயாராகிவிட்ட நேரத்தில், 1789 பெப்ரவரியில், மனிதர் சுகமாகி எழும்பிவிட்டார்!

கேள்வி: அது சிறுநீர் நீலமாகும் பரம்பரை வருத்தம் என்று பள்ளியில் படித்தேனே?
(தெஹிவளை வாசகர்)

பதில்: நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போர்பிரியா என்று 1966இல் தாயும் மகனுமான இரண்டு மனநல வைத்தியர்கள், ஐடா மக்கல்பைனும் ரிச்சர்ட் ஹன்டரும், எழுதினார்கள். 2005இல் ராசாவின் தலைமுடியைச் சோதித்தபோது ஆர்சனிக் என்ற நஞ்சு கூடுதலாக இருந்தது, அது வருத்தத்தைக் கிளப்பியிருக்கும் என்றார்கள். ஆனால் அண்மையில் பழைய வைத்தியக் குறிப்புகளை வரிவரியாய்த் திரும்பப் படித்தவர்கள், போர்பிரியா என்பதற்குச் சான்று பலவீனம், மனம் எல்லை மீறிக் கிளர்ந்தெழும் மேனியாதான் பொருந்துகிறது என்கிறார்கள். நீலச் சிறுநீருக்கு, குடிக்கக் கொடுத்த ஜென்ஷியன் மூலிகையே காரணமாயிருக்கலாம். வருத்தமான நாட்களில் அவர் எழுதிய கடிதங்களில் ஒரே வசனம் 400 சொல் வரை போகிறது (என் வசனங்கள் நீளம் என்று குறைசொல்கிறவர்கள் கவனிக்க). என் ஓட்டும் மேனியாவுக்கே. பரம்பரை இரத்தக் குற்றம் என்றால் அரச குடும்பத்துக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும், விசர் என்றால் சனம் என்ன சொல்லும்?

கேள்வி: ராணி ஆபிரிக்க வம்சமா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: ஏறக்குறைய ஐந்நூறு வருடம் முந்திய போர்த்துக்கீசப் பாட்டி ஒருத்தியை வைத்துச் சொல்லும் கதை. அந்தப் பாட்டியே ஆபிரிக்கரா என்பது தகராறு. தொடருக்கு நல்லது, சரித்திரத்துக்குப் போதாது.

கேள்வி: அந்த ராசாவுக்கும் எங்களுக்கும் ஏதாவது தொடர்பு?
(மருதானை வாசகர்)

பதில்: இல்லாமலா! 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது இவர் காலத்தில்தான். 1815 மார்ச் 2இல் கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தமும் இவர் பெயரில், கூடவே பதில் ஆட்சி செய்த மகன் பெயரும் போட்டு. அந்த நேரம் இவர் வின்ட்சரில் கண் தெரியாமல், வெள்ளைத் தாடியோடு, அறைக்குள் பியானோ மாதிரியான ஹார்ப்சிகோட் வாசித்துக்கொண்டிருந்தார். 1818இல் ராணி செத்ததே அவருக்கு விளங்கவில்லை என்கிறார்கள், கண்டி எங்கே விளங்கும்? 1820 ஜனவரி 29இல் கண்ணை மூடினார்.

பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை, கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட எங்கள் கடைசி ராசாவை, கொழும்புக்குக் கொண்டுவந்து, 1816 ஜனவரியில் கப்பலேற்றி, பிறகு வேலூரில் வைத்தார்கள். கொழும்புக் கோட்டையில் சிலின்கோ ஹவுஸ் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் சின்னச் சிறைக்கூடு அவரை அடைத்த இடம் என்பார்கள். வசதியான வீடொன்றில் வைத்திருந்தோம் என்றுதான் ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அந்தக் கூட்டில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பேங்க் வேலைக்கு அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.